ஒன்பது நொடி

பிப்ரவரி 3

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அத்தானும் நலம். முழங்கால் வலி மட்டும் அவரைப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீ அனுப்பிய உங்கள் கம்பெனி டிஸ்க் நசுங்காமல் வந்து சேர்ந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. இதற்குள் ஒரு வருடத்து வாசிப்பு முழுவதும் அடங்கும் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். அதனால் சொல்லவில்லை.

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் பட்டென்று வைத்துவிடுகிறோம், இனிமேல் கடிதம்தான் என்று நீ போட்ட சட்டத்தை நானும் மீறவில்லை. எழுதும்போது கோபம் வந்தால் பேனாவை மூடிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம். அதுவும் ஒரு வசதிதான்.

பார்வையற்றோர் இல்லத்துக்காகத் தினமும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் ஒரு மணி நேரம் பக்திப் புத்தகம் வாசித்துக் கம்ப்யூட்டரில் பதிகிறேன் அல்லவா? மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச்சென்ற கம்ப்யூட்டர். எந்தப் பொத்தான் எதற்கு என்று நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. போன வாரத்தோடு முந்நூற்று அறுபத்தைந்து நாள் ஆகிவிட்டது. இல்லத்தில் இருக்கும் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு டிஸ்க் வாங்கி, அதில் இந்த வருட வாசிப்பு முழுவதையும் ஏற்றிக் கொடுக்க வேண்டும் என்று பொறுப்பாளர் அம்மாவுக்கு ஆசை. எதை வாங்கலாம் என்று என்னைக் கேட்டார்.

நீ அனுப்பியதில் ஒரு வாரத்து வாசிப்பை ஏற்றிப் பார்த்தேன். ஏழு மணி நேரக் குரல். சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்பது நொடி! அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். மறுபடியும் ஒன்பது. அத்தானைக் கூப்பிட்டுக் காட்டினேன். “ஏழு மணி நேரம் நீ பேசினதை ஒன்பது நொடியில முழுங்கிடுச்சா? இந்த வித்தை எனக்குத் தெரிஞ்சிருந்தா முப்பது வருஷமா நிம்மதியா இருந்திருப்பேனே” என்றார்.

நோட்டில் கணக்குப் போட்டேன். ஒரு வருடத்து வாசிப்பு எட்டு நிமிடத்துக்குள் ஏறும். நாற்பது டிஸ்க்குக்கு ஐந்தரை மணி நேரம்கூட ஆகாது. காலையில் உட்கார்ந்தால் சாயங்காலப் பிரார்த்தனைக்குள் எழுந்துவிடலாம். “ஒரே நாள் போதும். என் தம்பி சோதிச்சுக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இது வெளியிலயே வருது. என் வாக்கு” என்று பொறுப்பாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏப்ரல் 12ஆம் தேதி இல்லத்துக் கூட்டத்தில் முடிவு செய்வார்கள்.

ஏற்றிப் பார்த்ததையும் கணக்கையும் எழுதிய அந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். நீ பார்த்தால் சந்தோஷப்படுவாய்.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் நல்ல நேரத்தில் வந்தது. எவ்வளவு நல்ல நேரம் என்று உனக்குத் தெரியாது. ஒரு விஷயத்தில் நாலைந்து நாளாக எனக்கும் மேலாளருக்கும் இழுபறி. மேலாளர் என்றால் எங்கள் ‘ஐஸ் பெட்டி’தான். அவர் அறைக்குள் போகிறவர்கள் ஸ்வெட்டரோடு போவார்கள். “இன்னும் என்னய்யா யோசனை? கையெழுத்தைப் போடு, லாரி நிக்குது” என்று தினமும் பாட்டு. உன் நோட்டுப் பக்கத்தைப் பார்த்ததும் என் யோசனை தீர்ந்துவிட்டது. பென்சிலை எத்தனை தடவை சீவினோம் என்றுகூடப் பள்ளிக்கூட நாளிலேயே எழுதி வைத்த ஆள் நீ. நீ ஒன்பது என்றால் அது ஒன்பதுதான்.

ஒரே ஒரு விஷயம். ஏற்றும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடாதே. கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. எந்த டிஸ்க்காக இருந்தாலும் அதுதான் நல்லது. வேறொன்றும் இல்லை.

அத்தான் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். நாற்பது பேருக்கும் ஒரே நாளில் ஏற்றிக் கொடுத்த பிறகு எழுது.

உன் தம்பி

*

மார்ச் 2

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏதோ தப்புச் செய்கிறேன். எங்கே என்று நீதான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும்.

நேற்று ஒரு வருடத்து வாசிப்பையும் ஒன்றாக ஏற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொல்லி நீ எழுதியிருந்தாய்தான். நாற்பது டிஸ்க்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மிச்சத்தை என் பேத்தி வந்துதான் முடிக்க வேண்டியிருக்கும். முதல் முக்கால் நிமிடம் பச்சைக் கோடு குடுகுடுவென்று ஓடியது. பிறகு யாரோ காலைப் பிடித்து இழுத்த மாதிரி ஆகிவிட்டது. நிற்கவும் இல்லை, ஓடவும் இல்லை. எட்டு நிமிடத்தில் முடிய வேண்டியது முடிய ஒரு மணி எட்டு நிமிடம்.

சூடாகியிருக்கும் என்று மேசைவிரிப்பை எடுத்துவிட்டு, மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேராக வைத்து மறுபடி ஏற்றினேன். ஒரு மணி ஏழு நிமிடம். கம்ப்யூட்டரில் மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு ஏற்றினேன். ஒரு மணி எட்டு. ஒன்பது நொடி, ஒன்பது நொடி என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்த கர்வத்துக்குத் தண்டனையோ என்றுகூட நினைத்தேன். அப்புறம், ஆண்டவனுக்கு இதைவிடப் பெரிய வேலைகள் இருக்கும் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு இன்று காலையில் அந்தப் பழைய ஒரு வாரத்தை மட்டும் ஏற்றினேன். ஒன்பது நொடி! அதே டிஸ்க், அதே மேசை, அதே ஆள். எனக்குத் தலை சுற்றுகிறது. நேற்று நான் பார்த்தது பொய்யா, இன்று பார்த்தது பொய்யா?

“சாப்பிட்டதும் எனக்கு வருமே, அதே மயக்கம்தான் அதுக்கும்” என்கிறார் அத்தான். இப்படியே இருந்தால் நாற்பது டிஸ்க்குக்கு நாற்பத்தைந்து மணி நேரம் ஆகும். நான் ஒரே நாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா

*

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தப்பு உன்மேல் என்று சொல்லவில்லை. ஆனால் நூறு காரணம் இருக்கலாம். கேபிள் பழசாக இருக்கலாம். கம்ப்யூட்டர் பழசு. அதைத் தட்டித் தட்டிக் கற்றேன் என்று நீயே எழுதுகிறாய். எதைத் தட்டினாயோ, யாருக்குத் தெரியும்? டிஸ்க்கைச் செருகிய ஓட்டை சரியானதா என்று பார்.

இன்னொன்று. பெட்டியில் ‘நொடிக்கு 500 எம்.பி. வரை’ என்றுதான் போட்டிருக்கிறோம். எல்லா நேரமும் ஐந்நூறு என்று எங்கேயும் போடவில்லை. உலகத்தில் எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் போடுகிறது.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. இங்கே வேலை அதிகம். நீயாக எதையாவது கூட்டத்தில் சொல்லிவிடாதே.

தம்பி

*

மார்ச் 22

கடவுள் துணை

தம்பிக்கு,

நீ சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன். புதுக் கேபிள் போட்டேன். ஓட்டையை மாற்றினேன். மாற்றமில்லை. கடைசியில் டிஸ்க்கைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கிற கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரிடம் போனேன். ‘வரை’ என்கிற விஷயத்தைக் கிளம்பும்போது அத்தானிடம் சொன்னேன். “நான்கூட நூறு வயசு வரை இருப்பேன்னு எழுதிக் கொடுக்கட்டுமா?” என்றார்.

ரிப்பேர்காரர் நல்ல மனிதர். அவர் கடையிலேயே பெரிய, புது கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் போட்டார். முதலில் ஓட்டம், பிறகு நடை. அங்கேயும் ஒரு மணி எட்டு நிமிடம். ஸ்டூலில் உட்கார்ந்து மனசுக்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே பார்த்தேன், ஒரு நொடிகூட விடவில்லை. அப்போது அவர் அலமாரியைத் திறந்து இன்னொரு டிஸ்க்கை எடுத்தார். போன வருடம் அவர் தனக்கென்று வாங்கியது. உங்கள் கம்பெனி. அதே பெட்டி, அதே பெயர், அதே படம். அதில் ஏற்றினார். ஏழு நிமிடம் ஐம்பது நொடி.

நான் இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தேன். எடைகூட ஒன்றுதான்.

“சட்டை அதே சட்டைம்மா. உள்ள இருக்கிற ஆளுதான் வேற” என்றார். “இதுல உங்க கை பிசகு ஒண்ணுமில்ல. உள்ள என்னத்தை மாத்தினாங்கன்னு உங்க தம்பியையே கேளுங்க.”

கேட்கிறேன். உள்ளே மாற்றியிருக்கிறார்களா? மாற்றியிருந்தால் அது உனக்குத் தெரியுமா? தெரியாது என்றால், சோதனை மேசையில் உட்கார்ந்திருக்கிற உனக்குத் தெரியாமல் எப்படி மாறும்? தெரியும் என்றால் பத்து நாள் என்னை ஏன் கேபிள் மாற்ற வைத்தாய்?

கூட்டத்தில் நான் கொடுத்த வாக்கை வைத்துக்கொள்வதா, திருப்பி வாங்குவதா? இதற்கு மட்டும் நேராகப் பதில் எழுது.

அக்கா

*

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ரிப்பேர்காரர் சொன்னது சரி.

விஷயம் இதுதான். டிஸ்க்கை ஒரு மொத்தக் கடை என்று வைத்துக்கொள். முன்னால் சின்னக் கூடம், பின்னால் பெரிய கிடங்கு. லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக் கூடத்தில் போடுவது வேகமான வேலை. கூடத்திலிருந்து கிடங்குக்குச் சுமந்துபோய் அடுக்குவது மெதுவான வேலை. கூடத்தில் இடம் இருக்கும்வரை லாரி காத்திருக்க வேண்டாம். கூடம் நிறைந்துவிட்டால், சுமக்கிற ஆளின் வேகம்தான் லாரியின் வேகம். உன் ஒரு வாரம் கூடத்துக்குள் அடங்கிவிட்டது. ஒரு வருடம் அடங்கவில்லை. ஆக, நீ பார்த்த இரண்டும் உண்மை.

போன வருடம் வரை சுமக்கிற ஆள் கெட்டிக்காரன். ஜனவரியிலிருந்து அந்த வேலைக்கு, வேறொரு இடத்திலிருந்து வாங்கிய சில்லு, அதாவது சிப், வருகிறது. அவன் சோம்பேறி. பெட்டியை மாற்றவில்லை.

எங்கள் சோதனைத் தாளில், ஒவ்வொரு டிஸ்க்கையும் முப்பது நொடி சோதிக்கவும் என்று இருக்கிறது. முப்பது நொடியில் கூடம் நிறையாது. எல்லாமே பாஸ். தாளில் உள்ளதைத்தான் சோதித்தேன், தாளில் உள்ளதற்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

கூட்டத்தைப் பற்றிக் கேட்டாய். வாங்கட்டும் அக்கா. உன் குரலைக் கேட்க அந்தச் சோம்பேறியே போதும், தாராளமாகப் போதும். கேட்கிறவர்களுக்கு வித்தியாசமே தெரியாது. ஏற்றுகிறவர்களுக்குத்தான் சிரமம். அந்தச் சிரமத்துக்காக ஒரு பெரிய பேச்சை ஆரம்பிக்காதே.

தம்பி

*

ஏப்ரல் 5

தம்பிக்கு,

‘கடவுள் துணை’ என்று மேலே எழுதப் போய்க் கை நின்றுவிட்டது. இந்தக் கடிதத்துக்கு அவர் வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் யோசித்தேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்பது எனக்கே நியாயமாகத்தான் பட்டது. நான் நாற்பத்தைந்து மணி நேரம் உட்கார்ந்துகொள்ளலாம், அதற்குள் எத்தனையோ பிரார்த்தனை சொல்லலாம் என்று மனதைத் தேற்றிவிட்டேன். நேற்று இல்லத்துக்குப் போனேன்.

பொறுப்பாளர் அம்மா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மேசைமேல் உங்கள் கம்பெனிப் பெட்டி. கடைக்காரர் மாதிரிக்கு அனுப்பியது, புது அச்சு. அதன் பக்கவாட்டில் ஒரு பெண் சிரிக்கிறாள். என்னைவிட இருபது வயது குறைவு, தலைமுடி விளம்பரத் தலைமுடி. கீழே இப்படி இருந்தது: ‘ஒரு வாரத்து வாசிப்பை ஏற்றிப் பார்த்தேன். ஒன்பது நொடி! மறுபடியும் ஒன்பது. ஓர் இல்லத்தரசியின் அனுபவம்.’

“பாத்தீங்களா?” என்றார் அந்த அம்மா. “நீங்க சொன்ன அதே ஒன்பது நொடி! உங்களை மாதிரியே எங்கேயோ இன்னொரு அம்மாவும் வாசிச்சு ஏத்திப் பாத்திருக்காங்க. நீங்க ஒருத்தர் சொன்னதை வச்சு வாங்கலாமான்னு கமிட்டில ரெண்டு பேர் இழுத்துக்கிட்டிருந்தாங்க. ரெண்டு பேர் சொன்னப்புறம் என்ன சந்தேகம்?”

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அது என் நோட்டில் இருந்த வரி. அந்த ஆச்சரியக்குறிகூட என்னுடையது. நான் எழுதியது பொய் இல்லை, பெட்டியில் இருப்பதும் அதே சொற்கள்தான், ஆனாலும் அது பொய். இதெப்படி? எனக்கு நானே சாட்சியாக வந்து நிற்கிறேன். நீ கையெழுத்துப் போட்டாய் என்று நான் வாக்குக் கொடுத்தேன். நீ எதை நம்பிக் கையெழுத்துப் போட்டாய் என்று இப்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது.

அந்தப் பக்கத்தை யாரிடம் கொடுத்தாய்?

*

ஏப்ரல் 9

அக்கா,

ஐஸ் பெட்டியிடம். பிப்ரவரி 11ஆம் தேதி, காலையில். அச்சடிக்கத் தரவில்லை. சத்தியமாக இல்லை. “என்னய்யா, திருப்தியா?” என்று கேட்டார். “என் அக்கா சோதிச்சுட்டாங்க சார், சரியா இருக்கு” என்று காட்டினேன். அவர் இரண்டு தடவை படித்தார். “இந்த வரி நல்லா இருக்கே” என்று மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். நான் எதிரிலேயே கையெழுத்துப் போட்டேன். பெட்டியைப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரியும். அது போன மாதம். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கேபிளைப் பற்றி எழுதினேன்.

நீ சொல்வது சரிதான். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். டிஸ்க்கை யாரும் பார்க்கவில்லை.

12ஆம் தேதி உனக்குத் தோன்றுவதைச் சொல். இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

*

ஏப்ரல் 13

கடவுள் துணை

தம்பிக்கு,

நேற்றுக் கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இன்னும் எனக்கே பாதி புரியவில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில்தான் கூட்டம். கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், இல்லத்தில் இருக்கிறவர்கள் நாற்பது பேர். நான் எழுந்து, பெட்டியைக் கையில் எடுத்து, “இதுல போட்டிருக்கிற இல்லத்தரசி நான்தான்” என்றேன். பொறுப்பாளர் அம்மா கைதட்டினார். பாவம், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பிறகு ஒரு மணி எட்டு நிமிடத்தைச் சொன்னேன். ரிப்பேர்காரர் கடையில் பார்த்ததைச் சொன்னேன். கூடம், கிடங்கு எல்லாம் சொன்னேன். என் வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

கமிட்டியில் ஒருவர், “கேக்கிறதுக்குப் போதும்னா வாங்கிடலாமே, இதுல என்ன இருக்கு?” என்றார். இன்னொருவர், “பெட்டில ஒண்ணு, உள்ள ஒண்ணுன்னா நாளைக்கு உங்க வாசிப்பே அழிஞ்சு போகாதுன்னு என்ன நிச்சயம்?” என்றார். இரண்டும் சரியாகவே எனக்குப் பட்டது. அதுதான் என் கஷ்டம்.

முன்வரிசையில் ஆப்பரேட்டர் இருந்தார். டெலிபோன் ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், குரலை வைத்தே ஆளின் உயரத்தைச் சொல்லிவிடுவார். அவர் கையைத் தூக்கினார்.

“அம்மா, பெட்டில என்ன எழுதியிருக்குன்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. யாராவது படிச்சுச் சொன்னாத்தான் உண்டு. முதல்ல அதை ஒரு தடவை படிங்க.”

படித்தேன். என் வரியை நானே படித்தேன். கூடத்தில் யாரோ சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“சரி. உங்க தம்பி என்ன சொல்றார்?”

“அவன்... தாள்ல உள்ளதைத்தான் சோதிச்சேன்னு சொல்றான்.”

“அது உங்களுக்குச் சொன்னது. எங்களுக்கு என்ன சொல்றார்? கையெழுத்து அவரோடதுதானே? நாப்பது பேர் கேட்டோம்னு எழுதுங்க. பதில் வந்ததும் அடுத்த கூட்டத்துல நீங்களே படிங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்.”

எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். அடுத்த கூட்டம் 26ஆம் தேதி. நீ எழுதுவதை ஒரு சொல் விடாமல் படிப்பேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

அக்கா

*

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கீழே உள்ளதை அவர்களுக்குப் படி.

இல்லத்தில் உள்ள அனைவருக்கும் வணக்கம். இதைப் படித்துக்கொண்டிருப்பவரின் தம்பி நான். டிஸ்க் செய்கிற தொழிற்சாலையில் சோதனை மேசையில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். பெட்டியில் இருக்கிற வேகம் முதல் முக்கால் நிமிடத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு அதில் பத்தில் ஒரு பங்குதான் வரும். ஜனவரியிலிருந்து வந்த எல்லா டிஸ்க்கும் இப்படித்தான். பெட்டியில் இருக்கிற வாசகம் என் அக்கா எனக்கு எழுதியது. அவரைக் கேட்காமல் அதை நான் காட்டினேன், கம்பெனி போட்டுக்கொண்டது. அவர்மேல் குற்றமில்லை. ஏற்றியது அழியுமா என்றால், அழியாது. அதைத் தனியாகச் சோதிக்கிறோம், அதில் குறை இல்லை. வேகத்துக்காக வாங்குவதாக இருந்தால் வாங்காதீர்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் இது போதும். இதை நேற்று என் மேலாளரிடமும் எழுதிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து சோதனை மேசைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடி எப்போது கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்களா என்று தெரியாது.

அவ்வளவுதான் படிக்க வேண்டியது. இதற்குக் கீழே உள்ளது உனக்கு மட்டும். இதைப் படிக்காதே.

அக்கா, தாளில் உள்ளதைத்தான் சோதித்தேன் என்று எழுதினேனே, அது முழு உண்மை இல்லை. புதுச் சில்லு வந்த அன்றே, சாப்பாட்டு இடைவேளையில் ஒரு டிஸ்க்கை முழுவதும் ஏற்றிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் தாண்டியது. அதைக் குறித்து வைத்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்கு ஒன்று அனுப்பினேன். நீ கொஞ்சமாக ஏற்றிப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொல்வாய், அதை வைத்துக் கையெழுத்துப் போடலாம் என்று அனுப்பினேனா? இல்லை, உன் வழக்கப்படி எல்லாவற்றையும் தோண்டி என்னைத் தடுத்துவிடுவாய் என்று அனுப்பினேனா? தினமும் யோசிக்கிறேன். எனக்கே தெரியவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 27

கடவுள் துணை

அன்புள்ள தம்பிக்கு,

முழுவதும் படித்துவிட்டேன். கீழே இருந்ததையும். ‘இதைப் படிக்காதே’ என்று நீ எழுதியிருந்ததையும் சேர்த்துத்தான்.

வேண்டுமென்று போகவில்லை. மேலே உள்ளதைப் படித்து முடித்துத் தாளை மடிக்கப் போனேன். நாற்பது முகமும் என் பக்கம் திரும்பி இருந்தது. இவர்களிடம் ஒரு பத்தியை மறைப்பதைப் போல் சுலபம் உலகத்தில் இல்லை, தாளைத் திருப்பினாலே போதும். அந்தச் சுலபம் எனக்குப் பயமாக இருந்தது. படித்துவிட்டேன். என் வரியை என்னைக் கேட்காமல் நீ கொடுத்தாய், உன் வரியை உன்னைக் கேட்காமல் நான் படித்தேன் என்று பழி வாங்கியதாக நினைக்காதே. அப்படியும் இருக்கலாம். தெரியவில்லை. ‘எனக்கே தெரியவில்லை’ என்கிற இடத்தில் இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

முதலில் ஆப்பரேட்டர்தான், “தடுக்கத்தான் அனுப்பியிருக்கார்” என்றார். பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா, “அதெல்லாம் இல்ல, மாட்டிக்கக் கூடாதுன்னுதான்” என்றார். அதன்பிறகு அரை மணி நேரம் டிஸ்க்கை எல்லோரும் மறந்துவிட்டார்கள், உன்னைப் பற்றித்தான் சண்டை. நான் அங்கே நிற்கிறேன் என்பதுகூட யாருக்கும் ஞாபகம் இல்லை. கடைசியில் பொறுப்பாளர் அம்மா மேசையைத் தட்டி, “வாங்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டார். கை தூக்கினார்கள், நான்தான் எண்ணினேன். இருபத்தாறு பேர் வாங்கலாம் என்றார்கள்.

“ஏத்தறதுக்கு நாப்பத்தஞ்சு மணி நேரம் ஆகுமே, அந்த அம்மாவை உட்கார வைக்க முடியுமா?” என்று கமிட்டிக்காரர் கேட்டார்.

“அவங்க எதுக்கு?” என்றார் ஆப்பரேட்டர். “தம்பிக்குத்தான் திங்கக்கிழமையிலிருந்து வேலை இல்லியாமே. வரச் சொல்லுங்க. எங்க முன்னாடி உக்காந்து ஒவ்வொண்ணா ஏத்தட்டும். முடிஞ்சதும் எத்தனை நேரம் ஆச்சுன்னு எங்களுக்கு வாயால சொல்லட்டும். நாப்பது தடவையும்.”

பின்வரிசை அம்மாவும் அதற்கு மட்டும் சரி என்றார்.

உன்னை மன்னித்துவிட்டார்களா, தண்டனை கொடுக்கிறார்களா என்று எனக்குப் புரியவில்லை. அத்தானைக் கேட்டேன். “ரெண்டுக்கும் பஸ் டிக்கெட் ஒண்ணுதான், வரச் சொல்லு” என்கிறார்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஜன்னல் ஓரமாகக் கம்ப்யூட்டரை மாற்றி வைத்திருக்கிறோம். என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அக்கா